ஒடிந்து போன உயரங்கள்

கூடைப்பந்தின் நெடிய மனிதர்கள் பலரை வீழ்த்தியது எதிரணி அல்ல. அவர்களுடைய பாதத்துக்குள் இருந்த ஒரு சின்ன எலும்புதான்.

1978 ஏப்ரல். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் போர்ட்லாண்ட் நகரம். சியாட்டில் அணிக்கு எதிரான பிளே-ஆஃப் தொடரின் இரண்டாவது ஆட்டம். களமிறங்கும் முன்பு பில் வால்டனின் இடது பாதத்தில் ஓர் ஊசி போடப்பட்டது. வலி தெரியாமலிருக்க.

வலி தெரியவில்லை. வால்டன் ஆடினார். ஆட்டத்துக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயில்தான் பாதத்தின் ஓர் எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. அப்போது வால்டனுக்கு வயது 25. அந்த ஆண்டு தேசிய கூடைப்பந்துக் கழகமான என்.பி.ஏ.யின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. போர்ட்லாண்ட் டிரெயில் பிளேசர்ஸ் அணிக்காக அவர் அதற்குப் பிறகு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

கூடைப்பந்தில் நெட்டை மனிதர்களின் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. ஆனால் போர்ட்லாண்டுக்கு இது சற்று அதிகமாகவே நடந்திருக்கிறது. 33 ஆண்டுகளுக்குள் நான்கு முறை அந்த நகரம் ஒரு நெட்டை மனிதரின் மீது நம்பிக்கை வைத்தது. நான்கு முறையும் கால்தான் கைவிட்டது. அந்த நான்கு பேரின் கதையையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. ஓர் ஆட்டக்காரனின் வலி யாருக்குச் சொந்தம்? அவனுக்கா, அவனுக்குச் சம்பளம் கொடுக்கும் அணிக்கா?

உச்சியில் ஒரு செந்தலையர்

கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது. என்.பி.ஏ.யில் மூன்று புள்ளிக் கோடு வந்தது 1979-80 பருவத்தில்தான். அதற்கு முன்பு தூரத்திலிருந்து எறிவதற்குத் தனிப் பலன் கிடையாது. எனவே ஆட்டம் முழுவதும் வளையத்துக்குக் கீழேதான் தீர்மானமாகும். அங்கே நிற்பவர் 'சென்டர்'. நல்ல சென்டர் கிடைத்த அணி கோப்பையை எதிர்பார்க்கலாம். கிடைக்காத அணி அடுத்த ஆண்டை எதிர்பார்க்கலாம்.

கலிபோர்னியாவில் பிறந்த வால்டன், ஜான் வுட்டன் பயிற்சியாளராக இருந்த யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணியிலிருந்து வந்தவர். அந்த அணி தொடர்ந்து 88 ஆட்டங்களை வென்ற காலம் அது. 1973ன் கல்லூரி இறுதி ஆட்டத்தில் அவர் கூடையை நோக்கி எறிந்தது 22 முறை. உள்ளே விழுந்தது 21 முறை. மொத்தம் 44 புள்ளிகள். அதிகாரபூர்வமாக அவர் உயரம் 6 அடி 11 அங்குலம். 'ஏழடிக்காரன்' என்று அழைக்கப்படுவது அவருக்குப் பிடிக்காது என்பதால் ஓர் அங்குலம் குறைத்தே எழுதப்பட்டது என்பது கூடைப்பந்து உலகில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

அவர் வெறும் உயரம் அல்ல. பந்தைப் பறித்த மறுகணம், அரைக் களத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும் சகாவின் கைக்கு அதை அனுப்பிவிடுவார். நால்வரை ஆட வைத்துத் தான் ஐந்தாவதாக ஆடும் சென்டர். வியட்நாம் போரை எதிர்த்து மாணவனாக இருந்தபோதே கைதானவர். சிவந்த தலைமுடி, நீண்ட தாடி, 'கிரேட்ஃபுல் டெட்' இசைக் குழுவின் மீது தீராத மோகம். திக்குவாயால் அதிகம் பேசமாட்டார்.

1970ல் உருவான போர்ட்லாண்ட் அணி முதல் ஆறு பருவங்களில் பிளே-ஆஃப் பக்கமே போனதில்லை. 1974ல் வால்டன் வந்தார். 1976-77ல் அணி முதல் முறையாக பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது. நுழைந்த அதே ஆண்டு கோப்பையையும் வென்றது. பிலடெல்ஃபியாவுக்கு எதிரான இறுதித் தொடரில் முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்று, அடுத்த நான்கையும் வென்றார்கள். ஆறாவது ஆட்டத்தில் வால்டன் எடுத்தது 20 புள்ளிகள், 23 ரீபவுண்டுகள். எதிரணியின் எட்டு எறிதல்களைத் தடுத்தார். ஆட்டம் முடிந்ததும் சட்டையைக் கழற்றிக் கூட்டத்தை நோக்கி வீசினார்.

அடுத்த ஆண்டு இன்னும் பிரமாதமாக இருந்தது. 60 ஆட்டங்களில் 50 வெற்றி. அப்போது, பிப்ரவரி இறுதியில், வால்டன் பாதக் காயத்தால் வெளியேறினார். அவர் இல்லாமல் மீதி 22 ஆட்டங்களில் போர்ட்லாண்ட் வென்றது எட்டு மட்டுமே. பிளே-ஆஃப் நெருங்கியது. வால்டன் திரும்பி வந்தார். பிறகு அந்த ஊசி.

படகு வடிவ எலும்பு

முறிந்த எலும்பின் பெயர் நாவிகுலர். படகு போன்ற வடிவம் என்பதால் வந்த பெயர். பாதத்தின் உட்புற வளைவுக்கு உச்சியில், கல் வளைவின் நடுக்கல் போல அது உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போதும் குதிக்கும்போதும் முன்னும் பின்னுமிருந்து அழுத்தப்படுவது அதுதான். உடலின் எடையைப் போலப் பல மடங்கு அதன் மேல் இறங்குகிறது. ஆனால் அதன் நடுப்பகுதிக்கு வந்து சேரும் ரத்தமோ குறைவு. ரத்தம் குறைந்த இடத்தில் எலும்பு சீக்கிரம் கூடாது. முதலில் மயிரிழை போல ஒரு விரிசல் விழும். சாதாரண எக்ஸ்ரேயில் அது பல நேரங்களில் தெரியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் புழக்கத்துக்கு வராத 1970களில் அதைக் கண்டுபிடிக்க இருந்த நம்பகமான கருவி ஒன்றுதான்: ஆட்டக்காரனின் வலி. ஊசி அதைத்தான் ஊமையாக்கியது.

நெட்டை மனிதர்களுக்கு இது ஏன் அதிகம் நேர்கிறது? காரணத்தை கலிலியோ 1638லேயே எழுதிவிட்டார். ஓர் உடலை அதே உருவில் பெரிதாக்கினால் எடை மும்மடியில் ஏறும். எலும்பின் குறுக்குப் பரப்பு இருமடியில்தான் ஏறும். 6 அடி மனிதரை அதே வாகில் 7 அடிக்கு நீட்டினால் எடை சுமார் 59 சதவீதம் கூடும். அதைத் தாங்கும் எலும்பின் பரப்பு கூடுவது 36 சதவீதம் மட்டுமே. அந்த மனிதரை ஆண்டுக்கு 82 ஆட்டங்கள், மரத் தரையில், ஓட்டத்துக்கு நடுவே ஓயாமல் குதிக்கச் சொன்னால் கணக்கு எங்கோ ஓரிடத்தில் இடிக்கத்தான் செய்யும்.

வால்டன் கோபத்தோடு வெளியேறினார். அணியின் மருத்துவ முறையைக் குற்றம் சாட்டினார். தன்னை வேறு அணிக்கு அனுப்பச் சொன்னார். 1978-79 பருவம் முழுவதும் ஆடவில்லை. மருத்துவர் மீது வழக்கும் போட்டார். அது பின்னர் நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. கோப்பை கொண்டுவந்தவரை நகரம் ஓடிப்போனவராகப் பார்த்தது. அவருக்குப் பிறகு சிதறிக் கிடந்த அந்த அணியோடு ஒரு பருவம் முழுவதும் பயணம் செய்துதான் பத்திரிகையாளர் டேவிட் ஹால்பர்ஸ்டாம் 1981ல் ஒரு புத்தகமே எழுதினார். விளையாட்டு பற்றி வந்த சிறந்த புத்தகங்களில் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது.

மருத்துவரின் இக்கட்டையும் இங்கே சொல்ல வேண்டும். வழக்கமாக நோயாளிதான் டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கிறார். நோயாளி குணமாக வேண்டும் என்பதைத் தவிர டாக்டருக்கு வேறு அக்கறை இருக்க வேண்டியதில்லை. அணியின் மருத்துவர் விஷயம் வேறு. அவரை நியமிப்பது அணி. சிகிச்சை பெறுவது ஆட்டக்காரர். ஆட்டக்காரரோ தானும் ஆடத் துடிப்பவர். சகாக்கள் பார்க்கிறார்கள், ரசிகர்கள் காத்திருக்கிறார்கள், இன்னும் ஆறு மணி நேரத்தில் ஆட்டம். அந்த அறையில் 'வேண்டாம்' என்று சொல்ல யாருக்குமே லாபம் இல்லை. வில்லன் யாரும் இல்லாமலே ஓர் எலும்பு முறிந்துவிடலாம்.

'வலிக்கவில்லை'

1984. போர்ட்லாண்ட் மீண்டும் சென்டரைத் தேடியது. புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டில் முதல் வாய்ப்பு ஹூஸ்டனுக்கு. அவர்கள் நைஜீரியாவில் பிறந்த ஹக்கீம் ஒலாஜுவானை எடுத்தார்கள். இரண்டாவது வாய்ப்பு போர்ட்லாண்டுக்கு. அவர்கள் எடுத்தது கென்டக்கி பல்கலைக்கழகத்தின் 7 அடி 1 அங்குல சாம் போவியை. மூன்றாவது வாய்ப்பு சிகாகோவுக்கு. மீதியிருந்தவர்களில் அவர்கள் எடுத்த பையனின் பெயர் மைக்கேல் ஜோர்டன்.

விளையாட்டு வரலாற்றின் மாபெரும் தவறு என்று இதைச் சொல்லாதவர்கள் இல்லை. ஆனால் போர்ட்லாண்டுக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஜோர்டன் ஆடும் இடத்தில் அவர்களிடம் ஏற்கெனவே கிளைட் டிரெக்ஸ்லர் இருந்தார். இல்லாதது சென்டர்தான். போவியின் இடது காலில் ஏற்பட்ட முறிவு அவருடைய கல்லூரி வாழ்க்கையில் இரண்டு முழுப் பருவங்களை விழுங்கியிருந்தது. அது அவர்களுக்குத் தெரியும். எனவே மணிக்கணக்கில் பரிசோதித்தார்கள். மருத்துவர்கள் சிறு சுத்தியலால் காலைத் தட்டித் தட்டிக் கேட்டார்கள். வலிக்கவில்லை என்றார் போவி.

28 ஆண்டுகள் கழித்து, 2012ல் வந்த ஓர் ஆவணப்படத்தில் அவர் உண்மையைச் சொன்னார். தட்டிய இடத்தில் உள்ளுக்குள் வலித்தது. குடும்பத்தை நினைத்து மறைத்தார்.

1978ல் வலியை ஊசி மறைத்தது. 1984ல் வலிக்குச் சொந்தக்காரரே மறைத்தார். விளைவு ஒன்றுதான். முதல் பருவத்தில் 76 ஆட்டங்கள் ஆடிய போவி, அடுத்த நான்கு பருவங்களிலும் சேர்த்து ஆடியது 63. ஒரு முறை இடது கால், மறுமுறை வலது கால். 1987-88 பருவத்தில் ஒரு ஆட்டமும் இல்லை. 1989ல் அவரை நியூஜெர்சிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அவர் உருப்படியாகவே ஆடினார் என்பது பலருக்கும் நினைவில்லை. 1995ல் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 511 ஆட்டங்கள் இருந்தன. இரண்டு கால்களும் உடைந்த மனிதர் பத்து பருவங்கள் தாக்குப்பிடித்தது சாதாரண விஷயம் அல்ல. ஆனால் அவர் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் ஜோர்டனின் பெயர் நிற்கிறது. ஒப்பீடு மட்டும் நிற்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜோர்டனுக்கும் அதே படகு எலும்புதான் முறிந்தது. 1985 அக்டோபரில், இரண்டாவது பருவத்தின் மூன்றாவது ஆட்டத்தில். இடது பாதம். 64 ஆட்டங்கள் போயின. மீண்டும் ஆட வேண்டும் என்று அவர் துடித்தபோது சிகாகோ அணி நிர்வாகம் தடுத்தது. மறுபடி முறிந்து ஆட்ட வாழ்வே முடிந்துபோக பத்து சதவீத வாய்ப்பு இருக்கிறது என்றார்கள் மருத்துவர்கள். தலைவலிக்குத் தரும் பத்து மாத்திரைகளில் ஒன்றில் சயனைடு இருந்தால் விழுங்குவாயா என்று அணியின் உரிமையாளர் கேட்டாராம். தலைவலி எவ்வளவு மோசம் என்பதைப் பொறுத்தது என்று பதில் சொன்னாராம் ஜோர்டன். கடைசியில் பாதி ஆட்டத்துக்கு ஏழு நிமிடம் என்ற கட்டுப்பாட்டோடு இறக்கினார்கள். ஊசி போட்டு அனுப்பவில்லை என்பதுதான் இங்கே முக்கியம்.

அந்த ஆண்டு ஏப்ரலில் பாஸ்டன் அணிக்கு எதிராக ஜோர்டன் 63 புள்ளிகள் குவித்தார். எதிரே நின்ற பாஸ்டன் வீரர்களில் ஒருவர் பில் வால்டன். ஒரே எலும்பு முறிந்த இரண்டு பேர். ஒருவருக்கு எல்லாம் இனிமேல்தான். மற்றவருக்கு அதுவே கடைசி வெளிச்சம்.

தாமதமாக வந்தவர்

மூன்றாமவர் ஆர்விதாஸ் சபோனிஸ். லிதுவேனியாவின் கவுனாஸ் நகரத்தவர். 7 அடி 3 அங்குலம். அந்த உடம்பை வைத்துக்கொண்டு பந்தை முதுகுக்குப் பின்னாலிருந்து கொடுப்பார். தூரத்திலிருந்தும் கூடையில் போடுவார். 1986ல் போர்ட்லாண்ட் அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவர் சோவியத் குடிமகன். அமெரிக்காவில் ஆட மாஸ்கோ அனுமதிக்காது. ஓய்வில்லாமல் உள்ளூரிலும் தேசிய அணியிலும் ஆடிய அவருக்கு, அந்தக் காலகட்டத்தில் குதிகால் தசைநார் இரு முறை அறுந்தது.

1988ல் சிகிச்சைக்காக அவரை போர்ட்லாண்டுக்கு அனுப்ப சோவியத் அதிகாரிகள் சம்மதித்தார்கள். தங்கள் வருங்கால வீரர் என்று அணியினர் அன்போடு கவனித்தார்கள். கால் தேறியது. சில மாதங்களில் சியோல் ஒலிம்பிக்ஸ். அரையிறுதியில் சபோனிஸின் சோவியத் அணி அமெரிக்காவை 82-76 என்று தோற்கடித்தது. தங்கமும் வென்றது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் ஒலிம்பிக்ஸுக்குப் போன காலம் அதோடு முடிந்தது. 1992 பார்சிலோனாவில் ஜோர்டன் உள்ளிட்ட 'டிரீம் டீம்' இறங்கியது.

சபோனிஸ் ஸ்பெயினில் ஆறு ஆண்டுகள் ஆடிவிட்டு, 1995ல் ஒருவழியாக போர்ட்லாண்ட் வந்து சேர்ந்தார். வயது 30. அவர் காலின் எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், ஊனமுற்றோருக்கான கார் நிறுத்துமிடத்தில் இவர் தாராளமாக வண்டியை நிறுத்தலாம் என்றாராம். ஓட முடியாத அந்த மனிதர் முதல் பருவத்திலேயே சராசரியாக 14.5 புள்ளிகள் எடுத்தார். சிறந்த புதுமுகம் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். கைகள் எதையும் மறக்கவில்லை. 22 வயதில், நல்ல காலோடு வந்திருந்தால் என்ற கேள்வியை மட்டும் அவரோடு ஆடியவர்கள் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான்காமவர் கிரெக் ஓடன். 7 அடி. 2007 டிராஃப்டில் போர்ட்லாண்டின் முதல் தேர்வு. அடுத்து சியாட்டில் எடுத்தது கெவின் டுரான்ட்டை. முதல் ஆட்டத்துக்கு முன்பே ஓடனின் வலது முழங்காலில் அறுவை. எலும்பில் நுண்துளைகள் போட்டு, கசியும் ரத்தத்திலிருந்து புதுக் குருத்தெலும்பு வளரச் செய்யும் சிகிச்சை. அந்தப் பருவம் போயிற்று. 2009 டிசம்பரில் இடது முழங்கால் சில்லு முறிந்தது. பிறகு மேலும் இரண்டு முறை அதே நுண்துளை அறுவை. ஐந்து ஆண்டுகளில் போர்ட்லாண்டுக்காக ஆடியது 82 ஆட்டங்கள். அதாவது சரியாக ஒரு பருவம். 2012ல் அவரை விடுவித்தார்கள். ஏமாற்றங்களிலேயே பெரிய ஏமாற்றமாகத்தான் தான் நினைவில் இருப்பேன் என்று அவரே பிற்பாடு சொன்னார். இடையில் குடிப்பழக்கத்தோடும் போராடினார். 2019ல் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் பட்டம் வாங்கினார். போர்ட்லாண்ட் ரசிகர்கள் அவரைக் குறை சொன்ன அளவுக்கு அவர் எதையும் தவறாகச் செய்துவிடவில்லை. முழங்கால்தான் செய்தது.

ஆறு பருவ எல்லை

போர்ட்லாண்டுக்கு வெளியேயும் இதே கணக்குதான். கல்லூரியில் மூன்று ஆண்டுகள் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரராக இருந்த 7 அடி 4 அங்குல ரால்ஃப் சாம்ப்சன், ஹூஸ்டனில் ஒலாஜுவானோடு 'இரட்டைக் கோபுரம்' என்று கொண்டாடப்பட்டார். 1986ல் இறுதித் தொடர்வரை போனார்கள். பிறகு முழங்காலில் அடுத்தடுத்து அறுவை. மொத்தம் 456 ஆட்டங்கள்.

ஷாங்காயின் யாவ் மிங், 7 அடி 6 அங்குலம். 2002ல் வந்து முதல் மூன்று பருவங்களின் 246 ஆட்டங்களில் தவறவிட்டது இரண்டே இரண்டு. கோடையில் மற்றவர்கள் ஓய்வெடுத்தபோது அவர் சீன தேசிய அணிக்கு ஆடினார். 2008 பிப்ரவரியில் பாதத்தில் முறிவு. ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ். கால் சொன்னதைக் கேட்பதா, நாடு சொன்னதைக் கேட்பதா? ஆடினார். அடுத்த ஆண்டு பிளே-ஆஃபில் மீண்டும் அதே பாதம். 2011 ஜூலையில் ஓய்வு. 486 ஆட்டங்கள்.

எண்களை அடுக்கிப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். சாம்ப்சன் 456. வால்டன் 468. சபோனிஸ் 470. யாவ் 486. போவி 511. ஏறக்குறைய எல்லோருமே ஆறு முழுப் பருவங்களுக்குச் சமமான ஆட்டங்களில் முடிந்துபோயிருக்கிறார்கள்.

இது விதியா? இல்லை என்று காட்டவும் ஆட்கள் உண்டு. வால்டனுக்கு முன்பு யு.சி.எல்.ஏ.வில் ஆடிய கரீம் அப்துல் ஜப்பார் 7 அடி 2 அங்குலம். 20 பருவங்கள், 1,560 ஆட்டங்கள். 42 வயதில்தான் நிறுத்தினார். தன் உடலைக் காப்பாற்றியது யோகாசனம் என்று சொல்பவர். பாஸ்டனில் வால்டனின் சகாவாக இருந்த ராபர்ட் பாரிஷ் 21 பருவங்களில் ஆடியது 1,611 ஆட்டங்கள். உயரம் ஆபத்துதான். ஆனால் அதுவே தீர்ப்பு அல்ல. பாதத்தின் பிறவி அமைப்பு, இறங்கும் விதம், கிடைக்கும் ஓய்வு, முதல் விரிசலின்போது எடுக்கும் முடிவு ஆகிய எல்லாம் சேர்ந்துதான் தீர்ப்பு எழுதுகின்றன.

முடிவு எப்படி மாறலாம் என்பதற்கு லிதுவேனியாவின் இன்னொரு மகன் சாட்சி. கிளீவ்லாண்ட் அணியின் ஷிட்ருனாஸ் இல்கவுஸ்காஸுக்கும் பாதம்தான் எதிரி. 1996 முதல் ஐந்து பருவங்களில் இரண்டில் ஒரு ஆட்டமும் இல்லை. இன்னொன்றில் ஐந்தே ஆட்டங்கள். முடிந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். 2001ல் அறுவை நிபுணர்கள் முறிவை மட்டும் திருகாணி போட்டு ஒட்டாமல், பாதத்தின் எலும்புகளையே திருத்தி அமைத்து, அழுத்தம் விழும் இடத்தை மாற்றினார்கள். அவசரப்படாமல் காத்திருந்தார். 2011வரை 843 ஆட்டங்கள் ஆடினார்.

ஜோயல் எம்பீட் கதையும் அதே ரகம். 2014 டிராஃப்டுக்கு முன்பே அவருக்கு நாவிகுலர் முறிவு. தெரிந்தே தேர்ந்தெடுத்த பிலடெல்ஃபியா இரண்டு முழுப் பருவங்கள் காத்திருந்தது. 2016 அக்டோபரில்தான் முதல் ஆட்டம். 2023ல் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். முழங்கால் பிற்பாடு அவரையும் விடவில்லை. 2024-25ல் 19 ஆட்டங்களே ஆட முடிந்தது. ஆனாலும் 1978ல் முறிந்ததும் எல்லாம் முடிந்துபோன அதே எலும்பு இவரிடம் கூடியது.

அப்படியானால் பழைய பிரச்சினை தீர்ந்துவிட்டதா? 2019 ஜூனில் டுரான்ட் ஆடுதசைக் காயத்திலிருந்து ஒரு மாதத்தில் திரும்பி, இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் இறங்கினார். சில நிமிடங்களில் குதிகால் தசைநார் அறுந்தது. யார் முடிவு என்று அன்றைக்கும் வாக்குவாதம் நடந்தது. ஜஸ்பிரீத் பும்ராவின் முதுகு குறித்து இந்திய கிரிக்கெட்டில் நடந்த விவாதமும் அதே மாதிரிதான்: எத்தனை ஓவர், எத்தனை ஆட்டம், யார் சொல்வது? இன்னொரு பக்கம், நட்சத்திரங்கள் அதிகம் ஓய்வெடுக்கிறார்கள் என்று ரசிகர்கள் முணுமுணுக்க, 2023-24 முதல் என்.பி.ஏ. ஒரு விதி கொண்டுவந்தது. 65 ஆட்டங்களாவது ஆடினால்தான் முக்கிய விருதுகளுக்குத் தகுதி. வால்டன் விருது வாங்கிய 1977-78ல் அவர் ஆடியது 58. இன்றைய விதிப்படி அந்த விருதும் அவருக்கு இல்லை.

மன்னிப்பு

போர்ட்லாண்டை விட்டுப் போன வால்டன் சொந்த ஊர்ப் பக்கம், சான் டியாகோ அணியில் சேர்ந்தார். முதல் பருவத்தில் 14 ஆட்டங்கள். அடுத்த இரண்டு பருவங்களில் ஒன்றுமில்லை. அறுவைகளுக்கு நடுவே ஸ்டான்ஃபோர்டில் சட்டம் படிக்கப் போனார். 1985ல் பாஸ்டன் அழைத்தது. பாரிஷுக்கு மாற்று ஆளாக, பெஞ்சில் உட்கார்ந்து எழ வேண்டிய வேலை. ஒரு காலத்தின் முதல் மனிதர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். அந்த ஒரு பருவம் மட்டும் பாதம் இரங்கியது. 82ல் 80 ஆட்டங்கள். சிறந்த மாற்று ஆட்டக்காரர் விருது. இரண்டாவது கோப்பை. மறு ஆண்டு பத்து ஆட்டங்களில் எல்லாம் முடிந்தது. 13 பருவங்களில் ஆடியிருக்கக்கூடிய 1,066 ஆட்டங்களில் அவர் ஆடியது 468.

பின்பு திக்குவாயை வென்று, நிறுத்தாமல் பேசும் தொலைக்காட்சி வர்ணனையாளர் ஆனார். கணுக்கால்கள் இரண்டும் அறுவையில் அசையாதபடி இணைக்கப்பட்டன. அறுவைகளின் எண்ணிக்கை 30ஐத் தாண்டியது. 2008ல் முதுகெலும்பும் கைவிட்டது. எழ முடியாமல் தரையிலேயே கிடந்த அந்த நாட்களில் உயிரை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்ததாக அவர் பிறகு ஒளிக்காமல் சொன்னார். 2009ல் செய்த முதுகு அறுவை அவரை மீட்டது. மறுபடி சைக்கிள் ஓட்டினார். மறுபடி இசைக் கச்சேரிகளுக்குப் போனார். 2024 மே 27 அன்று புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 71.

அந்த முதுகு அறுவை நடந்த 2009ஆம் ஆண்டிலேயே வால்டன் போர்ட்லாண்டுக்கு வந்தார். 30 ஆண்டுகளுக்கு முன்பு தான் விலகிப் போன விதத்துக்காக, இன்னும் நல்ல மனிதனாக நடந்துகொள்ளாததற்காக, அந்த நகரத்து மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஊசி குத்தப்பட்டது அவர் காலில். முறிந்தது அவர் எலும்பு. மன்னிப்புக் கேட்டதும் அவர்தான்.